ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: ஜெர்மனியா, ஜப்பானா, சிங்கப்பூரா, இல்லை இங்கேயேவா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக்கு ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறாள். அப்பா எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். அவள் கையில் கல்லூரியில் கொடுத்த இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று ஜெர்மனியில் ஒரு செமஸ்டர், இன்னொன்று சிங்கப்பூரில். விண்ணப்பிக்கப் பத்து நாள்தான் பாக்கி.

"அக்கா, ரெண்டுல எதுக்குப் போடட்டும்?" என்று அவள் கேட்டாள். அப்பா அதுவரை பேசாமல் இருந்தவர், "மொத்தமா எவ்ளோ ஆகும்னு மட்டும் சொல்லும்மா. பாதியில பணம் பத்தலன்னு நிக்கக் கூடாது" என்றார்.

நான் 2018 அக்டோபரில் பரிமாற்ற மாணவியாக ஜெர்மனிக்குப் போய், 2019 மார்ச்சில் திரும்பினேன். அதிலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று தெரிந்தவர் வழியாக வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த நாடு என்பதைக் கடைசியில் பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் இங்கே எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

## முதலில் ஒரு வித்தியாசம்

'செமஸ்டர் அப்ராட்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, உங்கள் கல்லூரியும் அங்குள்ள பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் போட்டு மாணவர்களை மாற்றிக்கொள்வது. இதில் நீங்கள் இங்கே வழக்கமாகக் கட்டும் கட்டணத்தை இங்கேயே கட்டுவீர்கள். அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. இன்னொன்று, அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு முழுக் கட்டணம் கட்டி ஒரு செமஸ்டர் உட்கார்ந்துவிட்டு வருவது. இதை ஏஜென்டுகளும் விற்கிறார்கள். பேச்சில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், பில்லில் பல லட்சம் வித்தியாசம் வரும்.

உங்களிடம் நீட்டப்படும் தாளில் 'டியூஷன் ஃபீ வேவர்', அதாவது படிப்புக் கட்டண விலக்கு, என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றி மட்டும்தான். இரண்டாவது வகைக்குக் கடன் வாங்கிப் போக நம் பக்கத்துப் பிள்ளைகள் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்தால் பின்னால் ஒரு முழு மாஸ்டர்ஸ் படிப்புக்கு உதவும்.

## எதை வைத்து எடை போடுவது

காலண்டர். அங்கே செமஸ்டர் தொடங்கி முடியும் தேதிகள் இங்கே உள்ளவற்றோடு ஒட்டுகின்றனவா? ஒரு செமஸ்டருக்குப் போய் இரண்டு செமஸ்டரை இழக்கும் ஆபத்து இருக்கிறதா? கேம்பஸ் இன்டர்வியூ எப்போது?

கிரெடிட். அங்கே படித்த பாடங்களை இங்கே ஏற்றுக்கொள்வார்களா? இல்லையென்றால் திரும்பி வந்து அதே பேப்பர்களை எழுத வேண்டி வரும்.

பணம். இதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். விசாவுக்காகக் *காட்ட* வேண்டிய பணம், உண்மையில் *செலவாகும்* பணம், உதவித்தொகை கைக்கு வரும் வரை *தாக்குப்பிடிக்க* வேண்டிய பணம். பெரும்பாலான வீடுகளில் நடுவில் உள்ளதை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். கழுத்தைப் பிடிப்பது மற்ற இரண்டும்.

தாள்கள். பாஸ்போர்ட், விசா, வங்கிக் கணக்கு, பெயர்ப் பொருத்தம்.

திரும்பி வந்த பிறகு. அந்த ஆறு மாதம் வேலைக்கோ மேற்படிப்புக்கோ எப்படி உதவும்?

குளிர், சாப்பாடு, தனிமை எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றுக்காக ஒரு நாட்டை ஒதுக்க வேண்டியதில்லை. மூன்று வாரத்தில் பழகிவிடும்.

## ஜெர்மனி

எனக்குத் தெரிந்த நாடு என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காலண்டரில்தான் சிக்கல். அங்கே குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. வகுப்புகள் அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை, தேர்வுகள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும். கோடைக்கால செமஸ்டருக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடு வரை வகுப்பு, அதன் பின் தேர்வு. நம் கல்லூரிகளிலோ ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் முடியும். இரட்டைப்படை ஜனவரியிலிருந்து மே வரை.

ஏழாவது செமஸ்டரில் போனால், இங்கே பாதி நடந்துகொண்டிருக்கும்போது கிளம்புவீர்கள். திரும்பி வரும்போது எட்டாவது தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஆறாவதில் கோடைக்காலத்துக்குப் போனால், ஆறாவதின் பின்பாதியும் ஏழாவதின் தொடக்கமும் போகும். பல கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ சூடு பிடிக்கிற மாதங்களும் அவைதான். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஜெர்மனி நம் இரண்டு செமஸ்டர்களைத் தொடும். அங்குள்ள 'ஹோஹ்ஷூலே' வகைக் கல்லூரிகள் சிலவற்றில் வகுப்புகள் சில வாரம் முன்னதாகத் தொடங்கும். செப்டம்பர் கடைசியிலோ மார்ச் நடுவிலோ தொடங்கும் இடம் கிடைத்தால் அதையே பிடியுங்கள்.

எனக்கு நடந்தது இது. நவம்பரில் ஒரு நிறுவனம் என் கல்லூரிக்கு வந்தது. ஆன்லைன் தேர்வு இந்திய நேரம் காலை 9 மணிக்கு. அங்கே அப்போது விடிகாலை நாலரை. அறைத்தோழி தூங்குகிறாள் என்று விடுதியின் பொதுச் சமையலறையில், அடுப்பு மேடை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதினேன். தேறினேன். ஆனால் கடைசிச் சுற்றுக்கு நேரில் வர வேண்டும் என்றார்கள். அந்த வேலை அதோடு போயிற்று.

கிரெடிட் விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் கிரெடிட்டை ஈசிடிஎஸ் என்ற அளவில் எண்ணுகிறார்கள், ஒரு செமஸ்டருக்கு 30 என்பது முழுச் சுமை. நம் கல்லூரிப் பாடங்களோடு அதைப் பொருத்தி, போவதற்கு முன்பே 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்ற தாளில் இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஜெர்மனியில் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள் மாஸ்டர்ஸ் நிலையில்தான் நிறைய. பி.இ. மாணவர் போனால் கைக்குக் கிடைக்கும் பட்டியல் சின்னதாக இருக்கும். ஐந்து பாடம் வேண்டுமென்றால் ஒன்பதுக்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள். அங்கே போன பிறகு இரண்டு நடக்காது, ஒன்று இன்னொன்றோடு நேரம் மோதும்.

மதிப்பெண் இன்னொரு கதை. ஜெர்மனியில் 1.0 என்றால் முதல்தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. நான் 1.7 வாங்கி வந்தேன், நல்ல மதிப்பெண். தேர்வுப் பிரிவில் தாளைப் பார்த்த ஊழியர், "பத்துக்கு 1.7-ஆ? எல்லாப் பேப்பரும் போச்சாம்மா?" என்று வருத்தத்தோடு கேட்டார். மாற்றுக் கணக்கு எந்தச் சூத்திரத்தில் போடுவது என்று முடிவாக ஐந்து மாதம் ஆனது. என் தற்காலிகச் சான்றிதழ் வகுப்பில் எல்லோருக்கும் வந்த பிறகுதான் வந்தது. போகும் முன்பே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் இந்த ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

இனி பணம். ஜெர்மன் விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகை. நான் போனபோது 720 தான். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 6 லட்சம். இது செலவான பணம் இல்லை, அங்கே போனபின் மாதாமாதம் உங்களுக்கே வரும். ஆனாலும் விசாவுக்கு முன் மொத்தமாகக் கையில் இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாவின் நகை சேட்டுக் கடைக்குப் போனது இதற்காகத்தான். மீட்க இரண்டு வருடம் ஆனது. அந்த வட்டியும் என் செமஸ்டர் செலவில் சேர்த்தி என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அங்கே போன பிறகு கண்ணில் படாத செலவுகள் வரிசையாக வரும். மருத்துவக் காப்பீடு கட்டாயம். அரசுசார் மாணவர் காப்பீடு என்றால் மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். படிப்புக் கட்டணம் இல்லையென்றாலும் 'செமஸ்டர் பங்களிப்பு' என்று ஒன்று உண்டு. ஊருக்கு ஊர் மாறும், 100 முதல் 400 யூரோ வரை இருக்கலாம். பல இடங்களில் பஸ், ரயில் பாஸ் அதிலேயே அடங்கும். விடுதி அறைக்கு முன்பணம் கேட்பார்கள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கடிதம் வரும், டிவி இல்லாவிட்டாலும் வரும். பிளாக்டு அக்கவுண்ட் பணம் திறக்க அங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும், அதற்கு முகவரிப் பதிவு வேண்டும். இவை முடிய மூன்று, நாலு வாரம் ஆகலாம். அதுவரை வாழ, வெளிநாட்டுப் பணம் ஏற்றி எடுத்துப் போகும் ஃபாரக்ஸ் கார்டில் தனியாக ஆயிரம் யூரோவாவது வேண்டும். மேலே சொன்ன 6 லட்சத்துக்கு வெளியே உள்ள பணம் இது. விமானம், விசா எல்லாம் சேர்த்தால் கிளம்பும் நாளில் ஏழரை, எட்டு லட்சம் புரட்டியிருக்க வேண்டும். அதில் உண்மையில் செலவாவது ஆறு லட்சம் அளவுக்கு.

இதையெல்லாம் ஒரேயடியாக மாற்றக்கூடிய ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு ஒப்பந்தம் இருந்தால், மாதம் 800 முதல் 900 யூரோவும் பயணச் செலவுக்கு ஒரு தொகையும் கிடைக்கும். சாதாரண ஒப்பந்தத்தில் இது கிடையாது. 'எங்கள் ஒப்பந்தம் எந்த வகை?' என்று கேட்க வேண்டியது உங்கள் பொறுப்பு. கிடைத்தாலும் முதல் தவணை பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பிறகே வரும்.

அங்கே பகுதிநேர வேலை பார்க்க அனுமதி இருக்கிறது, வருடத்துக்கு 140 முழு நாள். ஆனால் ஐந்து மாதம் மட்டும் இருக்கிறவருக்கு, மொழி தெரியாமல், அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

இவ்வளவு சொல்லியும், ஜெர்மனி யாருக்குப் பொருந்தும்? எம்.டெக்., எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் மட்டும் உள்ளவர்களுக்கு மிகவும் பொருந்தும். வகுப்பு காலண்டர் அவர்களைத் தொடாது. ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து வேலை செய்து, அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தோடு திரும்பலாம். பின்னால் அங்கேயே மாஸ்டர்ஸோ ஆராய்ச்சியோ செய்ய நினைப்பவர்களுக்கும் நல்லது. நுங்கம்பாக்கத்தில் மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் ஏ2 என்ற இரண்டாம் படி வரையாவது முடித்துவிட்டுப் போனால், ஆறு மாதத்தின் பயன் இரண்டு மடங்காகும். தண்டையார்பேட்டையிலிருந்து மாலை வகுப்புக்குப் போய் வருவது கஷ்டம்தான், நான் போய் வந்தேன்.

## ஜப்பான்

நம் பக்கத்தில் இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காலண்டர் ஜெர்மனி மாதிரியேதான். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை ஒன்று, செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை இன்னொன்று. எனவே இரண்டு செமஸ்டரைத் தொடும் சிக்கல் இங்கும் உண்டு.

பணத்தில்தான் ஜப்பான் வேறு. ஜாஸ்ஸோ என்ற அரசுசார் அமைப்பு பரிமாற்ற மாணவர்களுக்கு மாதம் 80,000 யென் உதவித்தொகை தருகிறது, நம் பணத்தில் 45,000 ரூபாய்க்கு மேல். நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. உங்களை ஏற்கும் பல்கலைக்கழகம்தான் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும். எல்லோருக்கும் கிடைப்பதில்லை, மதிப்பெண் நன்றாக இருக்க வேண்டும். பல்கலைக்கழக விடுதியில் இடமும் இந்தத் தொகையும் சேர்ந்து கிடைத்தால், டோக்கியோவுக்கு வெளியே உள்ள ஊரில் கையைக் கடிக்காமல் வாழலாம். டோக்கியோ என்றால் வீட்டிலிருந்தும் கொஞ்சம் அனுப்ப வேண்டியிருக்கும்.

தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும், மாணவர்களுக்கு அது மலிவு. மருத்துவமனை போனால் 30 சதவீதம் மட்டும் நாம் கட்டினால் போதும். அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ஜெர்மனி போல ஒரு கணக்கில் பணத்தைப் பூட்டி வைக்கச் சொல்வதில்லை. ஆனால் செலவைத் தாங்குவோம் என்று காட்ட வங்கி இருப்புச் சான்று கேட்பார்கள். 'தகுதிச் சான்று' எனப்படும் சிஓஇ-ஐ அங்குள்ள பல்கலைக்கழகமே வாங்கி அனுப்பும். அது வந்த பிறகு விசா வேலை சுலபம். ஆனால் சிஓஇ வர மாதங்கள் ஆகும், ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

சென்னையைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் நிறைய. ஜப்பானிய மொழி தெரிந்த பொறியாளருக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. ஆனால் ஒரு செமஸ்டர் போய் வந்தால் மொழி வந்துவிடாது. நெல்சன் மாணிக்கம் சாலையில் உள்ள ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற மொழிப் பயிற்சி மையத்தில் முன்பே படிக்கத் தொடங்கி, ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வு எழுதிவிட்டுப் போகிறவருக்கு அந்த ஆறு மாதம் பெரிய படிக்கட்டு. சும்மா போகிறவருக்கு அது நல்ல அனுபவம் மட்டும்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் திண்டாடுவார்கள். மீன் சாப்பிட்டு வளர்ந்த காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

## சிங்கப்பூர்

"அது என்ன வெளிநாடு, நம்ம ஊர் மாதிரிதானே" என்று சிலர் இதைத் தாழ்வாகப் பேசுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காலண்டர் அப்படியே ஒட்டுகிறது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை ஒரு செமஸ்டர், ஜனவரியிலிருந்து மே தொடக்கம் வரை இன்னொன்று. ஆறாவது செமஸ்டருக்கு ஜனவரியில் போனால் மே மாதம் திரும்பிவிடலாம். ஜூலையில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இங்கே நிற்கலாம். ஒரு செமஸ்டருக்குப் போனால் ஒரு செமஸ்டர்தான் போகும். நான்கு வருட பி.இ. மாணவருக்கு இதைவிடப் பெரிய லாபம் இல்லை.

பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், இளநிலை அளவிலேயே கிடைக்கும். பாடத் தலைப்புகளும் நம் பாடத்திட்டத்துக்கு நெருக்கமாக இருக்கும். கிரெடிட் ஒப்புதல் வாங்கப் போனவர்கள் எல்லோரும் ஐரோப்பாவைவிட இது சுலபம் என்றே சொன்னார்கள். ஆனால் பாடத்துக்குப் போட்டி உண்டு. பிரபலமான பாடங்களில் அங்குள்ள மாணவர்களுக்கே இடம் போதாது.

பூட்டி வைக்கும் கணக்கு இல்லை. விமானம் நாலு மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் ஐரோப்பா டிக்கெட்டில் பாதிக்கும் கீழே. வாழ்க்கைச் செலவு மட்டும் குறைவில்லை. அறை, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து மாதம் 1,000 முதல் 1,500 சிங்கப்பூர் டாலர் வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 70 ரூபாய் என்றால் மாதம் 70,000 முதல் ஒரு லட்சம். வளாக விடுதியில் இடம் கிடைத்தால் கீழ்க் கணக்கு, வெளியே அறை எடுத்தால் மேல் கணக்கையும் தாண்டும். விடுதி உறுதியான கடிதம் கையில் வராமல் டிக்கெட் எடுக்காதீர்கள். பகுதிநேர வேலையை அங்கே கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. சிராங்கூன் சாலையில் இட்லியும் கிடைக்கும், பேசவும் ஆள் கிடைக்கும். முதல் முறையாக வீட்டைவிட்டுப் போகும் பெண்ணுக்கும், அவளை அனுப்பும் பெற்றோருக்கும் இது சின்ன விஷயம் இல்லை. குறையும் சொல்ல வேண்டும்: சுலபமாக இருப்பதால் நம் ஆட்களோடேயே ஐந்து மாதத்தையும் கழித்துவிடும் ஆபத்து இருக்கிறது. குழு வேலை உள்ள பாடங்களாக எடுத்தால் அது குறையும்.

## இங்கேயே இருந்துவிட்டால்?

இதைத் தோல்வி மாதிரி யாரும் நினைக்க வேண்டாம். போகாமல் இருப்பதும் எடைபோட வேண்டிய ஒரு வழிதான்.

எட்டு லட்சம் புரட்டி ஒரு செமஸ்டர் போவதற்குப் பதில், கடைசி வருடத்தில் ஒரு நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப், கூடவே மாலையில் ஏ2-க்கு அடுத்த பி1 படி வரை ஜெர்மன் மொழி, அப்புறம் இரண்டு வருடம் வேலை. இப்படிப் போன ஒரு கொருக்குப்பேட்டைப் பையன் இன்று ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிறான். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. மற்ற இடங்களுக்குத் தன் சம்பளத்தில் சேர்த்த பணத்தைப் பிளாக்டு அக்கவுண்டில் போட்டுப் போகலாம், அம்மாவின் நகையைத் தொட வேண்டியதில்லை.

இதிலும் மறைந்த விலை உண்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகு கிளம்புவது கடினம். தங்கையின் கல்யாணம், வீட்டு லீசு, அப்பாவின் உடம்பு என்று ஒவ்வொன்றாக வரும். "அப்புறம் போகலாம்" என்று சொன்னவர்களில் போகாதவர்கள்தான் அதிகம். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் உண்மை. படிக்கும்போது கல்லூரி அனுப்புகிறது என்றால் சம்மதிக்கும் வீடு, இருபத்து நாலு வயதில் தனியாகப் போகிறேன் என்றால் சம்மதிக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஜெர்மனி | ஜப்பான் | சிங்கப்பூர் | இங்கேயே |
|---|---|---|---|---|
| இங்கே தொடும் செமஸ்டர் | இரண்டு | இரண்டு | ஒன்று | இல்லை |
| பி.இ.க்கு ஆங்கிலப் பாடங்கள் | குறைவு | பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது | நிறைய | – |
| முன்கூட்டிக் காட்டும் பணம் | மாதம் 992 யூரோ, பூட்டிய கணக்கில் | வங்கி இருப்புச் சான்று | பூட்டிய கணக்கு இல்லை | – |
| உதவித்தொகை வாய்ப்பு | எராஸ்மஸ் பிளஸ் ஒப்பந்தம் இருந்தால் | ஜாஸ்ஸோ, தேர்வானால் | கல்லூரி ஒப்பந்தத்தைப் பொறுத்தது | – |
| பகுதிநேர வேலை | உண்டு, நம்ப வேண்டாம் | வாரம் 28 மணி வரை | கணக்கில் சேர்க்க வேண்டாம் | இன்டர்ன்ஷிப் |
| நேர வித்தியாசம் | 3.30 அல்லது 4.30 மணி பின்னால் | 3.30 மணி முன்னால் | 2.30 மணி முன்னால் | – |
| நன்றாகப் பொருந்துவது | புராஜெக்ட் செமஸ்டர், மேற்படிப்பு | மொழி தொடங்கிவிட்டவர் | பி.இ. ஆறாவது செமஸ்டர் | பின்னால் முழுப் படிப்பு |

## எந்த நாடானாலும் நம் பக்கத்தில் வரும் சிக்கல்கள்

பெயர். நம்மில் பலருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' இடம் காலியாக இருந்தால், விசா, விமான டிக்கெட், அங்கே வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் பெயர் ஒவ்வொரு மாதிரி வரும். எனக்கு விடுதிக் கடிதம் ஒரு பெயரிலும் காப்பீட்டு அட்டை இன்னொரு பெயரிலும் வந்தன. முதல் முறை பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ அந்த இடத்தில் போட்டுவிடுங்கள். மார்க் ஷீட்டோடு அது பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

முகவரி. வாடகை வீடு மாறி மாறி இருப்பவர்களுக்கு ஆதாரில் பழைய முகவரி இருக்கும். போலீஸ் விசாரணைக்கு வரும்போது அங்கே வேறு யாரோ இருப்பார்கள், கோப்பு நின்றுவிடும். ஆதாரை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போடுங்கள். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் இன்னும் 2,000.

வங்கிக் கடன். கல்விக்கடன் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்க வழி உண்டு. ஆனால் பரிமாற்ற செமஸ்டரில் அங்கே பட்டம் தருவதில்லை, படிப்புக் கட்டணமும் இல்லை. "அப்புறம் எதுக்குக் கடன்?" என்று ஒரு வங்கியில் என்னிடம் கேட்டார்கள். ஒப்பந்தக் கடிதம், கிரெடிட் ஒப்புதல், செலவுப் பட்டியல் மூன்றையும் இணைத்துக் கொண்டுபோனால் பேச்சு மாறும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு சீட்டு எடுத்தோ கைமாற்று வாங்கியோ கணக்கில் திடீரென்று லட்சங்களைப் போட்டால், விசா அதிகாரி 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்பார். மாதக் கணக்கில் இருக்கும் பணத்துக்குத்தான் மரியாதை.

சலுகைகள். முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று நம் பிள்ளைகள் பலர் ஏதோ ஒன்றில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் செமஸ்டரிலும் அது தொடருமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அரியர். ஒன்று இருந்தாலும் பல கல்லூரிகள் பரிமாற்றத்துக்கு அனுப்புவதில்லை. நாடு தேடும் முன் அதை முடியுங்கள்.

## அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன்

அவளுக்கு ஆறாவது செமஸ்டர் ஜனவரியில் தொடங்குகிறது. கேம்பஸ் வேலை வீட்டுக்குக் கட்டாயம் தேவை. ஜெர்மனி ஒப்பந்தம் எராஸ்மஸ் பிளஸ் வகை இல்லை. ஜெர்மன் மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. அவளுக்குச் சிங்கப்பூர்தான் என்று சொன்னேன், அதுவும் விடுதி உறுதியானால் மட்டும். நன்றாகப் படிக்கிற பெண், பின்னால் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் செய்ய அவளுக்கு வழி இருக்கிறது. இதே பெண் எம்.டெக். கடைசி வருடத்தில் இருந்து, எராஸ்மஸ் பணமும் இருந்திருந்தால், யோசிக்காமல் ஜெர்மனிக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

அவள் அப்பாவிடம் ஒரு தாளில் மூன்று கணக்கையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன்: காட்ட வேண்டியது, செலவாவது, முதல் மாதம் தாங்க வேண்டியது. சிங்கப்பூருக்கு மொத்தம் நாலரை லட்சத்துக்குள் முடியும் என்று வந்தது. அவர் தாளை நாலாக மடித்து, டிரைவிங் லைசென்ஸ் வைத்திருந்த கவரில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் தேர்வுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை அன்றிரவே எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதினோம். அதில் மூன்று கேள்விகள். நான் படிக்கப் போகும் இந்த ஏழு பாடங்களில் எவற்றை எந்தப் பேப்பருக்கு ஈடாக ஏற்பீர்கள்? அங்குள்ள மதிப்பெண்ணை எந்த முறையில் மாற்றுவீர்கள்? நான் திரும்பிய எத்தனை நாளில் மார்க் ஷீட் கிடைக்கும்? வியாழக்கிழமை பதில் வந்தது. முதல் இரண்டுக்கு விடை இருந்தது. மூன்றாவதற்கு, நேரில் வந்து பேசு என்றிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவள் போயிருக்கிறாள்.